அப்படியென்றால் எத்தனை

ஏழு பொத்தான்கள்.
நீலம் நாலு, அதில் ஒன்று விளிம்பு உடைந்தது.
மீதி மஞ்சள்.
ஜோவெலின் ஒவ்வொன்றாகத் தொடுகிறாள்,
சூடு பார்ப்பவள் போல விரலை வைத்து வைத்து எடுத்து.
ஒன்று இரண்டு மூன்று என்று
ஏழு வரை பிசகாமல் வந்து சேர்கிறாள்.

"அப்படியென்றால் எத்தனை பொத்தான்?"

மறுபடி தொடங்குகிறாள்.
ஒன்று. இரண்டு. மூன்று.

செப்டம்பரிலிருந்து இதே கதை.
கடைசியாகச் சொன்ன எண்தான்
மொத்தக் கூட்டத்துக்கும் பெயர் என்பதை
ஆசிரியர் கையேடு ஒரே வரியில் சொல்லிவிட்டு
அடுத்த பக்கம் கூட்டலுக்குப் போய்விடுகிறது.
நான் முட்டைப் பெட்டியில் அடுக்கிக் காட்டினேன்.
பொத்தான்களைச் சுற்றிக் கம்பளி நூலால் வளையம் போட்டு
"இந்த வேலிக்குள் எல்லாம் சேர்ந்து ஏழு" என்றேன்.
அவள் வேலியையும் சேர்த்து எட்டு என்றாள்.
அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசலோரம் சூடேற்றியின் மேல்
கையுறைகள் வரிசையாகக் காயும் வின்னிபெக்கில்
இரண்டிரண்டாய்த் தாவ மற்றவர்கள் பழகிவிட்டார்கள்.
ஒற்றைப்படை என்றால் என்னவென்று
ஒலெக்சியைக் கேளுங்கள்,
இடது கையுறையைப் பனிக்குள் தொலைத்தவன்,
நன்றாகவே சொல்வான்.

நவம்பரில் பெற்றோர் சந்திப்பு.
இரவுப் பணிக்குப் போகிற உடுப்போடு அம்மா வந்திருந்தாள்,
கழுத்தில் மருத்துவமனை அட்டை.
பேச்சுக்குத்தான் கேட்டேன்,
"வீட்டில் எத்தனை பேர், ஜோவெலின்?"

"இன்னிக்கு இன்னும் எண்ணலை."

அம்மா சிரித்துக்கொண்டே விளக்கினாள்:
அவள் அப்பாவுக்குத் தாம்ப்சனில் சுரங்க வேலை,
இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே.
சித்தப்பா சில நாள் வந்து படுப்பார், சில நாள் இல்லை.
காலையில் எழுந்ததும் இவள்
செருப்புகளைத் தொட்டுப் பார்ப்பாளாம்.

நான் குறிப்பேட்டில் எதையோ எழுதினேன்.
என்ன எழுதினேன் என்று இப்போது வாசிக்க முடியவில்லை.

ஜனவரியில் ஆசிரியர் அறையில்
யாரோ ரொட்டியைக் கருக்கிவிட்டார்கள்.
மணி அலற, இருபத்துநாலு பாகை உறைகுளிரில்
மேலங்கிகூட இல்லாமல் எல்லோரும் வெளியே.
வாயிலிருந்து வரும் ஆவி முகங்களை மறைக்கிறது,
தலைகள் நகர்கின்றன, ஒருவர் பின் ஒருவர் ஒளிகிறார்கள்.
இருபத்திரண்டு பேர். இருக்க வேண்டும்.
பதறினால் எனக்குத் தமிழில்தான் எண்ண வரும்:
பதினெட்டு, பத்தொன்பது, மெக்கென்சி நில்லு,
இருபது, இருபத்தொன்று,
இருபத்திரண்டு.

பாவாடை ஓரத்தை யாரோ இழுத்தார்கள்.
"மிஸ், அது என்ன?"
"என் எண்கள்."
"கடைசியா எதுல நின்னீங்க?"
"இருபத்திரண்டு."
"அப்போ எத்தனை பேர்?"

நான் வாய் திறந்தேன்.
பிறகு, ஒன்றிலிருந்து,
இந்த முறை ஒவ்வொரு தலையையும் தொட்டு,
மறுபடி தொடங்கினேன்.

ஜோவெலின் காத்திருந்தாள்.
உதடு நீலம் பாரித்து, பற்கள் அடித்துக்கொள்ள,
அவசரப்படுத்தாமல்,
இதெல்லாம் இப்படித்தான் என்று தெரிந்தவள் போல.

எண்ணுவதற்கும் நினைப்பதற்கும்
என் மொழியில் ஒரே சொல்.
அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று
உள்ளே வரும்போது யோசித்தேன். சொல்லவில்லை.
ஈரக் காலணிகளைக் கழற்றவே நேரம் போதவில்லை.

மறுநாள் அதே மேசை, அதே பொத்தான்கள்.
விரல் ஏழாவதில் வந்து நின்றது.
"அப்படியென்றால் எத்தனை?"

பொத்தான்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"ஏழு," என்றாள்.
"இப்போதைக்கு."

மாணவர் அறிக்கையில் மூன்று கட்டங்கள்:
முடியும், உதவியோடு முடியும், இன்னும் இல்லை.
பேனாவை எடுத்தவள்
மேசைக்கடியில் உருண்டுபோன
உடைந்த நீலப் பொத்தானைத் தேடிக் குனிந்தேன்.